ஏரியில் காணாமல் போன மீன்கள்: குஞ்சு வாங்கி விட்டால் திரும்பி வருமா?

பாகூர் பக்கத்தில் உங்கள் ஊர் ஏரியில் சின்ன வயதில் பார்த்த வாளை, ஆரால், அயிரை, விலாங்கு எல்லாம் இப்போது கண்ணில் படுவதில்லை. பத்து நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டிருக்கிறீர்கள். குஞ்சு எங்கே வாங்குவது, எந்த மாதம் விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. போன மீன் ஏன் போனது? அந்தக் காரணம் ஏரியில் அப்படியே இருக்கும்போது நீங்கள் விடும் குஞ்சு மட்டும் எப்படி நிலைக்கும்? அதைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன். படித்தபின் குஞ்சு வாங்கும் எண்ணத்தை ஒரு வருஷமாவது தள்ளிவைப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் மீன்வளம் படித்தவன். இருபது வருஷத்துக்கு மேலாக கடலூர், புதுச்சேரி வட்டாரத்து ஏரிகளிலும் கெடிலம், தென்பெண்ணை கரைகளிலும் மீன் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஏரியை நேரில் பார்த்ததில்லை. அதனால் இங்கே சொல்வதில் பொதுவாக உறுதியானது எது, உங்கள் ஊருக்குப் பொருந்துமா என்று நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டியது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ‘அழிந்துவரும் மீன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உலக அளவில் இதற்கு ஐயூசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இருக்கிறது. நம் பக்கத்து மீன்களில் வாளை அதில் ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்ற நிலையில் இருக்கிறது. விலாங்கில் நம் ஆறுகளுக்கு வரும் இரண்டு வகையும் அதற்கு ஒரு படி முன்னால், அச்சுறுத்தலை நெருங்கிய நிலையில் இருக்கின்றன. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை போன்றவை உலகக் கணக்கில் கவலைப்பட வேண்டாதவை. ஆனால் அது உலகக் கணக்கு. ஆசியா முழுக்கப் பரவியிருக்கும் ஒரு மீன் உங்கள் ஏரியிலிருந்து அடியோடு போயிருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு எழுத்துகூட மாறாது. எனவே உங்கள் ஊருக்கென்று தனிப் பட்டியல் ஒன்றை நீங்களேதான் எழுத வேண்டும். அதை எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் உங்கள் எண்ணம்தான் இருந்தது. ஓர் ஏரியில் ஐப்பசியில் ஆயிரக்கணக்கில் கெண்டைக் குஞ்சு விட்டோம். ஆக்ஸிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளை ஏரித் தண்ணீரில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானதும் வாயை அவிழ்த்தோம். குஞ்சுகள் வெள்ளிக் கம்பி மாதிரி நெளிந்து போனதை ஊரே கரையில் நின்று பார்த்தது. மூன்றாவது வாரம் அடைமழை. ஏரியின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலிங்கு வழிந்தது. பாதி அதோடு போயிற்று. மிச்சத்தை நீர்க்காகமும் ஏரியில் ஏற்கெனவே இருந்த மீன்களும் தின்றன. அடுத்த சித்திரையில் குத்தகைதாரர் ஏரியை வற்ற இறைத்தபோது நாங்கள் விட்ட மீன் ஒரு கூடைகூடத் தேறவில்லை. அந்த ஏரியில் குறைவாக இருந்தது குஞ்சு இல்லை, கோடையில் ஒதுங்க ஆழமான இடம். அது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

ஒரு மீனுக்கு வாழ்க்கையில் மூன்று இடம் வேண்டும்: முட்டையிட ஓர் இடம், வளர ஓர் இடம், கோடையைக் கழிக்க ஓர் இடம். இந்த மூன்றுக்கும் நடுவே போய்வர வழியும் வேண்டும். இதில் ஏதாவது ஒன்று அறுந்தால் போதும், மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மீன் சில வருஷங்களில் காணாமல் போகும். எது அறுந்தது என்பதை, எந்தெந்த மீன் போயிருக்கிறது என்பதே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஓர் ஊருக்குப் போனால் முதலில் இருக்கிற மீனை விசாரிப்பதில்லை, இல்லாத மீனைத்தான் விசாரிப்பேன்.

வாளையும் விலாங்கும் போய், மற்றவை இருந்தால் வழி அடைபட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். விலாங்கு கடலில் பிறக்கிறது. கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் குஞ்சாக முகத்துவாரத்துக்கு வந்து, ஆறு, வாய்க்கால் என்று ஏறி, வருஷக்கணக்கில் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகிறது. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக வருகிறது. ஊசுட்டேரிக்குச் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால். நமக்கு அது பாசன வாய்க்கால், மீனுக்கு அதுதான் ஊருக்கு வரும் ஒரே சாலை. அந்த வாய்க்காலில் ஒரு இடத்தில் மார்பளவுச் சுவர் செங்குத்தாக எழுந்தாலும், பத்து மாதம் காய்ந்து கிடந்தாலும், குப்பை அடைத்துக்கொண்டாலும் சாலை முடிந்தது. விலாங்குக் குஞ்சு ஈரமான சொரசொரப்புக் கல்லில் ஒட்டி ஏறக்கூடியது. வழவழப்பான சிமென்ட்டு என்றால் திணறும். வாளைக்கு அந்த வித்தையும் கிடையாது.

அயிரை போயிருந்தால் ஏரியின் தரையைப் பாருங்கள். அது மணலில் தலையைப் புதைத்து வாழும் மீன். தரையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மணல் கலந்து கையில் நறநறவென்று வந்தால் நல்லது. கறுப்பாக, வழுவழுப்பாக, அழுகிய முட்டை வாசனையோடு வந்தால் அங்கே அயிரைக்கு இடமில்லை. கழிவுநீர் கலந்தாலும் இப்படி ஆகும், மேலே மூடிய ஆகாயத்தாமரை மட்கி வருஷா வருஷம் அடியில் படிந்தாலும் ஆகும்.

மூன்றாவது அடையாளம்தான் எனக்கு மிகவும் நம்பகமானது. சின்னக் கெண்டைகள் எல்லாம் போய் விரால், குறவை, தேளி, பனையேறி மட்டும் மிஞ்சியிருந்தால், தண்ணீரில் காற்று தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். இந்த நாலும் மேலே வந்து வெளிக்காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. (பனையேறி இன்னும் ஒரு படி மேலே போய், மழை இரவில் குட்டை விட்டுக் குட்டை தரையிலேயே நகர்ந்து போகும். தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ்காரர், அது பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது பிடித்ததாக எழுதியது 1797இல் லண்டனில் அச்சானது. நம் ஊர்ப்பெயர் அதற்கும் முந்தியதாகத்தான் இருக்கும்.) தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன் பகலில் பாசியாலும் செடியாலும் ஏறும், இரவெல்லாம் எல்லா உயிரும் மூச்சுவிட்டு அது இறங்கும், சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் அடிமட்டத்துக்கு வரும். அதனால் மதியம் 12 மணிக்குச் சோதித்துவிட்டுத் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சொல்பவரை நம்பாதீர்கள். விடிகாலை 5 மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கரையில் உட்காருங்கள். கெண்டைகள் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் அளவுகோலே தேவையில்லை. அளக்க வசதி இருந்தால், லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டை இனத்துக்கு நிம்மதி. 2க்குக் கீழே போனால் தாங்காது.

சரி, கோடைக்கு வருகிறேன். நம் ஏரிகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. கார்த்திகையில் கலிங்கு வழியும், சித்திரை வைகாசியில் தரை வெடிக்கும். இது இயற்கைதான், ஆயிரம் வருஷமாக இப்படித்தான். அப்படியிருந்தும் மீன் தப்பித்ததற்குக் காரணம் எல்லா ஏரியிலும் ஏதோ ஒரு மூலையில் மடு இருந்ததுதான். மதகுக்கு எதிரே, பழைய ஆற்றுத் தடத்தில், கரை மண்ணுக்கு வெட்டிய பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஆனிவரை நிற்கும். அடுத்த வருஷத்து மொத்த மீனுக்கும் தாய் தகப்பன் அந்தப் பள்ளத்துக்குள்தான் இருக்கும். மீன்பாசி ஏலத்தில் எடுத்தவர் கடைசியில் அந்த மடுவை மோட்டார் வைத்து இறைக்கிறார் பாருங்கள், அன்றைக்குப் போவது ஒரு வருஷ மகசூல் இல்லை, விதைநெல். ஒரு மடுவை, ஒன்றே ஒன்றை, இறைக்காமல் விட ஊரில் பேசி முடிவு செய்ய முடிந்தால் உங்கள் பத்துப் பேர் போட்ட பணத்தில் வேறு எதை வாங்கினாலும் அதற்கு ஈடாகாது. குத்தகைதாரருக்கு அந்த மடு மீனுக்கான நஷ்டத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். நான் பார்த்தவரை அவரோடு சண்டை போட்ட ஊர்களில் காரியம் நடக்கவில்லை, கணக்குப் பேசிய ஊர்களில் நடந்தது.

இது நம் ஊர்க் கற்பனை இல்லை. வங்கதேசத்தில் ஹைல் ஹாவோர் என்ற பெரிய நீர்நிலையில் பைக்கா பீல் என்ற பகுதியை 2003இல் நிரந்தர மீன் சரணாலயமாக ஒதுக்கினார்கள். உள்ளூர் மக்களே அதைக் காத்தார்கள், அங்கே யாரும் வலை போடுவதில்லை. சுற்றியுள்ள மற்ற பகுதிகளில் மீன்பிடி கூடியது. மடுவில் பிழைத்த தாய் மீன் மழையில் வெளியே பரவி முட்டையிடுவதுதான் இதன் சூட்சுமம். அமெரிக்காவின் நெவாடாவில் டெவில்ஸ் ஹோல் என்ற பாறைக் குழியில் ஓர் அங்குல நீளமுள்ள சின்ன மீன் உலகத்திலேயே அங்கு மட்டும் வாழ்கிறது. குழிக்குள் ஓரமாக ஒரு பாறைத் திட்டு, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர். அங்கேதான் அது மேய்கிறது, அங்கேதான் முட்டையிடுகிறது. பக்கத்துப் பண்ணையின் ஆழ்குழாய்க் கிணறுகளால் நீர்மட்டம் இறங்கி அந்தத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1976இல் நீர்மட்டத்தை இறங்கவிடக் கூடாது என்று தீர்ப்பானது. மீன் இன்றைக்கும் நெருக்கடியில்தான் இருக்கிறது, 2013இல் வெறும் 35 எண்ணினார்கள். அந்த ஒரு திட்டைக் காப்பாற்றியிருக்காவிட்டால் எண்ண அந்த 35உம் இருந்திருக்காது. உங்கள் ஏரியில் அந்தத் திட்டு எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

விராலை வைத்து இதை நேரிலேயே பார்க்கலாம். மழை ஓய்ந்த வாரங்களில், காற்றில்லாத காலையில், கரையோரக் கோரைக்கும் அல்லி இலைக்கும் நடுவே கைக்குட்டை அகலத்துக்குத் தண்ணீர் சிவந்து கொதிப்பது போலத் தெரியும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள் ஒரே நேரத்தில் மேலே வந்து காற்று குடித்துவிட்டு இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். அதற்கு நேர் கீழே தாயும் தகப்பனும் நிற்கும். கூட்டத்தின் பக்கம் எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில்காரர்களுக்கு இது தெரியும். தவளையைக் கோர்த்துக் குஞ்சுக் கூட்டத்தின் நடுவே போடுவார்கள். பசியில்லாமலே தாய் பாயும். ஒரு கிலோ விரால் கிடைத்தது என்று சந்தோஷமாகக் கொண்டுபோவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சிவப்பு வட்டத்தை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ‘சிவப்புக் குஞ்சு இருக்கிற இடத்தில் தூண்டில் போடாதே’ என்ற ஒரு வரியை உங்கள் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தாலே, நீங்கள் பையில் வாங்கிவந்து விடும் குஞ்சைவிட அதிகம் பிழைக்கும்.

வெளியூர் மீன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜிலேபிக் கெண்டை 1952இல் இந்தியாவுக்கு வந்தது. குஞ்சை வாய்க்குள் வைத்துக் காப்பது, கையளவு இருக்கும்போதே இனம் பெருக்குவது, வருஷத்தில் பலமுறை முட்டையிடுவது என்று எல்லாம் அதற்குச் சாதகம். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கக் கூடாது என்று 2000இல் மத்திய அரசே தடை போட்டும் குட்டைகளில் வளர்த்தார்கள். கடலூர் முழுக்க மூழ்கிய 2015 வெள்ளத்திலும், 2024இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை கரைமீறியபோதும் குட்டை, வாய்க்கால், ஆறு எல்லாம் ஒரே தண்ணீராக இருந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குட்டை மீன் அதற்குள் நிற்குமா? ஆகவே வளர்ப்புக் குட்டையில் இருப்பது என்றாவது ஒருநாள் ஆற்றுக்கு வரும் என்று எடுத்துக்கொள்வதுதான் சரி. இதில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதியும் உண்டு. ‘ஜிலேபி வந்ததால் கெண்டை போயிற்று’ என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். பல ஏரிகளில் தண்ணீர் முதலில் கெட்டது, கெட்ட தண்ணீரைத் தாங்குகிற ஜிலேபி அப்புறம் பெருகியது. எது முன்னால் எது பின்னால் என்று பழைய கணக்கு இல்லாத ஏரியில் நிரூபிப்பது கடினம். ஏரி முழுதும் காயாமல் ஜிலேபியை ஒழிக்கவும் முடியாது. ஆனால் கோடையில் தண்ணீர் சுருங்கும்போது வலை போட்டு ஜிலேபியை மட்டும் எடுத்துவிட்டு நாட்டு மீனைத் திரும்ப மடுவில் விடலாம். விரால் நன்றாக இருந்தால் ஜிலேபிக் குஞ்சை அதுவும் தின்று குறைக்கும்.

இப்போது உங்கள் குஞ்சு விஷயம். பண்ணையில் சுலபமாகக் கிடைப்பது கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். சாப்பாட்டுக்கு வளர்க்க நல்லவை, நாட்டு மீனைக் காக்க விடுவதற்கு உரியவை அல்ல. மிர்கால் விஷயத்தில் ஆபத்து இன்னும் நெருக்கமானது. காவிரியில் வாழும் அதன் சொந்தக்கார மீன் ஒன்று உண்டு, சிவப்புப் பட்டியலில் அதுவும் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய நிலைதான். இரண்டும் ஒரே இனமா வேறா என்பதில் மீன் ஆய்வாளர்களிடையே நெடுநாள் குழப்பம் உண்டு. அந்தக் குழப்பம் தீரும்வரை ஒன்றின்மேல் ஒன்றைக் கொண்டுபோய் விடாமல் இருப்பதுதான் நல்லது.

நல்லெண்ணத்தில் விட்ட மீனே எமனான கதை நம் காவிரியிலேயே இருக்கிறது. காவிரியின் திமில் மகசீர் உலகத்துப் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. மகசீர் குறைகிறது என்று லோனாவாலா குஞ்சுப் பொரிப்பகத்தில் வளர்த்த மகசீரைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அது வேறு வகை, நீலத் துடுப்பு மகசீர். வந்த மீன் பெருகியது, சொந்த மீன் அருகியது. இதில் கொடுமை என்னவென்றால் சொந்த மீனுக்கு அதுவரை சரியான அறிவியல் பெயர்கூட உறுதியாகவில்லை. 2018இல்தான், கேரளத்துப் பாம்பாற்றிலிருந்து 2007இல் விவரிக்கப்பட்ட இனமும் இதுவும் ஒன்று என்று தெளிவானது. அதே வருஷம் மிகமிக ஆபத்தான நிலையில் இருக்கும் மீனாகப் பட்டியலில் ஏறியது. அங்கே வேலை செய்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, உங்களைப் போலத்தான் மீன் திரும்ப வரவேண்டும் என்று நினைத்தார்கள்.

நோயும் உண்டு. விரால் உடம்பில் குழிப்புண் வந்து சதை தெரிய மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவகைப் பூஞ்சை போன்ற கிருமியால் வரும் அந்தப் புண் நோய் 1988இல் இந்தியாவுக்குள் நுழைந்தது, விராலையும் குறவையையும்தான் அதிகம் தாக்கியது. தூரத்துப் பண்ணை மீனை ஏரியில் விடும்போது மீனோடு தண்ணீரும் வருகிறது, தண்ணீரோடு என்ன வருகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் சரிசெய்த பிறகும் ஒரு மீன் தானாகத் திரும்பவில்லை என்றால், அதே தென்பெண்ணைத் தண்ணீரைக் குடிக்கும் பக்கத்து ஏரியிலிருந்து கொஞ்சம் தாய் மீனைக் கொண்டுவந்து விடலாம். அதுவும் துறை அதிகாரிகளிடம் சொல்லிவிட்டு.

தூர்வாருவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையோரத்தைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, கோரையும் சம்பும் அல்லியும் ஒன்றுவிடாமல் பிடுங்கினால் படத்துக்கு அழகாக இருக்கும். முட்டை ஒட்ட ஒரு தண்டு இருக்காது. புதுத் தண்ணீர் வந்து புல்தரை முழங்காலளவு மூழ்கும் அந்த ஓரத்தில்தான் பாதி மீன்கள் முட்டையிடுகின்றன. ஆகாயத்தாமரையை எடுங்கள், முழுக்க எடுங்கள். சொந்தச் செடியை மூன்றில் ஒரு பங்கு கரைக்காவது விட்டுவையுங்கள். வண்டல் எடுப்பதாக இருந்தால் ஏரி முழுதும் ஒரே ஆழமாகச் சுரண்டாமல் ஒரு மூலையில் ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். மடு கிடைத்துவிடும், வண்டலும் வயலுக்குக் கிடைக்கும்.

இந்த வருஷம் என்ன செய்வது? எண்ணுங்கள். ஒரே கண்ணளவு வலை, ஒரே இடம், ஒவ்வொரு மாதமும் ஒரே நாள், ஒரே நேரம். என்ன விழுந்தது என்று நோட்டில் எழுதிவிட்டு உயிரோடு விட்டுவிடுங்கள். சாயங்காலச் சந்தையில் அன்னக்கூடையில் உயிர்மீன் விற்கும் அம்மாக்களிடம் உட்காருங்கள். அவர்களுக்குத் தெரிந்த மீன் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. எந்த மீன் எந்த ஏரியிலிருந்து வந்தது, எது எத்தனை வருஷமாக வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும், பணம் பெரிதாக வேண்டாம். அப்புறம் முதல் வெள்ளம் வரும்போது வரத்து வாய்க்கால் நெடுக ஒருமுறை நடந்து, மீன் எதிரேற முடியாத இடம் எங்கெங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். செங்குத்துச் சுவர் இருக்கும் இடத்தில் கீழ்ப்பக்கம் சரிவாகக் கருங்கல் அடுக்கினாலே சின்ன மீன்கள் ஏறிவிடும். வாய்க்கால் எந்தத் துறையுடையதோ அவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கலிங்கு வழியும் முதல் மூன்று நாளாவது அதன் வாயில் பறியும் வலையும் போடாமல் இருக்க ஊரில் பேசிப் பாருங்கள். முட்டையோடு ஏறும் மீன் அந்த நாட்களில்தான் அதிகம். விஷம் கலந்தும் வெடி வைத்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் வருஷத்து இந்திய மீன்வளச் சட்டமே குற்றமென்கிறது. யாராவது அப்படிச் செய்தால் எடுத்துச்சொல்ல அது கையில் இருக்கட்டும்.

பட்டியல் ஓரளவு சேர்ந்ததும் இங்கேயே எழுதுங்கள், எது எதனால் போயிருக்கலாம் என்று உட்கார்ந்து பார்ப்போம். உங்கள் ஏரியில் கடைசி வாளை பிடிபட்ட வருஷம் யாருக்காவது நினைவிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பின்னாக வாய்க்காலில் என்ன கட்டினார்கள் என்றும் விசாரியுங்கள்.